பதினெட்டு மணி நேரப் பூட்டு

கிருஷ்ணகிரி பழையபேட்டை ஷேக் தாவூதுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே கரைக்கு ஓடிவிடுவார். ஐம்பத்தொரு வயதில் ஒரு தடவைகூடத் தலையைத் தண்ணீருக்குள் விட்டதில்லை. இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், "பாய், கடல்ல ரெண்டு தடவை இறங்கிட்டேன், எப்போ ஊருக்கு ஏறலாம்?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்லும் மணிக்குக் கட்டுப்படுகிறார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வந்தால் வரட்டும், சிரித்தவர்கள் எல்லோரும் இன்று அவர் வண்டியில்தான் போகிறார்கள்.

தாவூத் மாங்காய் லாரியில் கிளீனராகத் தொடங்கியவர். பிறகு பதினோரு வருஷம் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் பஸ் ஓட்டினார். ஷிஃப்ட் பஸ் ஓட்டியவனுக்குக் கடிகாரம் என்பது பொண்டாட்டிக்கு அடுத்தபடி பயப்பட வேண்டிய சாமான். அவர் மூன்று நிமிஷம் பிந்தினால் நாற்பது பேருக்கு லேட் விழும். ஆட்களை இறக்கிவிட்டு அடுத்த ஷிஃப்ட் முடியும்வரை சும்மா கிடக்கும் நேரத்தில், தொழிற்சாலைக்குள் நடக்கும் பாதுகாப்பு வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். அக்கறையெல்லாம் ஒன்றுமில்லை, அங்கே டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். ஆனால் பதினோரு வருஷம் பிஸ்கட் தின்றதில் ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டது. மெஷினுக்குள் கையை விட்டு வேலை பார்ப்பவன், முதலில் அதன் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். அந்தப் பூட்டைப் போட்டவனைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. முதலாளியே வந்து நின்றாலும் கூடாது.

பிறகு சொந்தமாக ஒரு பதினேழு சீட் வேன் வாங்கினார். தர்மஸ்தலா, திருப்பதி, ஊட்டி என்று ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் கடல் பக்கம் திருப்பிவிட்டவர்கள் இந்தத் தொழிற்சாலைப் பிள்ளைகள்தான். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் புதுச்சேரிக்கு ஓடுவது, ஞாயிறு காலையில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது, மதியம் மீன் சாப்பாடு, ராத்திரிக்குள் ஓசூர். அந்தப் பயணம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அவர்கள் கடலுக்குள் இருக்கும் நேரத்தில் தாவூத் டைவிங் சென்டர் வாசலில் நாற்காலி போட்டுத் தூங்குவார். அந்தச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கடலடிக்குப் போய் வந்தவர்கள் குறைந்தது பதினெட்டு மணி நேரம் விமானத்தில் ஏறக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. தாவூத் அதை நூறு தடவை படித்திருப்பார். நம் வண்டி நாலு சக்கரத்தில்தானே ஓடுகிறது, நமக்கென்ன என்று நூறு தடவையும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நினைப்புக்கு விலை கொடுத்தவன் அஜாஸ்.

அஜாஸ் தாவூதின் மனைவி ஃபரீதாவின் தம்பி. ஓசூர் ஆலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வண்டியிலேயே புதுச்சேரி போய், இரண்டு முறை கடலுக்குள் இறங்கி, ஆமை பார்த்தேன் என்று வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தான். கிருஷ்ணகிரி தாண்டும்வரை பேச்சு நிற்கவில்லை. சூளகிரி ஏற்றத்தில் பேச்சு நின்றது. தோளில் குடைகிறது என்றான், கால் மரத்துப்போகிறது என்றான்.

தாவூத் என்ன செய்தார்? வண்டியை ஓரங்கட்டி ஓர் இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்தார். "வாயுப் பிடிப்புடா மாப்பிள்ளை. நண்டை அந்தத் தின்னு தின்னா வேறென்னா ஆவும்" என்று முதுகில் நாலு தட்டுத் தட்டினார். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள், இன்னும் ஒரு மணி நேரந்தானே, போயிடலாம் என்று அஜாசும் சிரித்தான். அப்படியே ஓசூர் கொண்டுபோய் அவன் அறை வாசலில் இறக்கிவிட்டு, தாவூத் வீடு திரும்பிவிட்டார். மறுநாள் காலையில் அஜாஸ் கட்டிலை விட்டு இறங்கக் காலைக் கீழே வைத்தான், கால் இருப்பதே தெரியவில்லை.

இரண்டு நாள் அலைந்தார்கள். எந்த டாக்டரையும் குறை சொல்ல முடியாது. என்ன சாப்பிட்டான், எங்கே விழுந்தான் என்று கேட்டவர்களிடம், இவன் கடலுக்கு அடியில் போய் வந்தவன் என்று வீட்டார் ஒருவரும் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு டாக்டரம்மா, கடலுக்கு அடியில் போனாயா என்று தானாகவே கேட்டார். பிறகு காற்றழுத்தத்தை ஏற்றும் அறைக்குள் வைத்துப் பல நாள் வைத்தியம் நடந்தது. அஜாஸ் எழுந்து நடந்துவிட்டான், வேலைக்கும் போகிறான். இடது பாதம் மட்டும் இன்றுவரை முழுசாகத் தூக்காது, தரையை லேசாகத் தேய்த்துக்கொண்டு வரும். வீட்டுக்குள் அந்தத் தேய்ப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தாவூத் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன் என்பது அவர் நெஞ்சில் ஆணியாக நின்றுவிட்டது. ஃபரீதா ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வைத்தியம் நடந்துகொண்டிருந்தபோதே ஒருநாள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனார். டைவிங் சென்டரில் பயிற்சி கொடுக்கும் சுவேதாவின் முன்னால் போய் நின்றார். சுவேதா முப்பது வயதுப் பெண், வெயிலில் கறுத்து, எதையும் நேராகப் பேசும் ஆள்.

"ஏம்மா, போர்டுல விமானம்னுதானே எழுதியிருக்கீங்க. அவன் என் வேன்ல வந்தான். அவனுக்கு ஏன் ஆச்சு?"

சுவேதா ஒரு கேள்விதான் கேட்டாள். "உங்க ஊரு எவ்வளவு உயரத்துல இருக்கு பாய்?"

தாவூதுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக ஏறி இறங்கும் ரோடு, உயரம் தெரியாது. சுவேதா பொறுமையாகச் சொன்னாள். கடலுக்கு அடியில் அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்று உடம்புக்குள் கரைந்து போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே வந்த பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வழியே வெளியேற வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். அது முடிவதற்குள் காற்று மெலிந்த உயரத்துக்குப் போனால், உள்ளே இருப்பது குமிழியாகப் பொங்கும். மூட்டில் பொங்கினால் வலி, தண்டுவடத்தில் பொங்கினால் கால் போய்விடும். விமானத்தில் போனாலும் அதே, மலை ஏறினாலும் அதே. உடம்புக்கு வண்டி தெரியாது, உயரம்தான் தெரியும்.

இது தனக்குத் தெரிந்த விஷயம் என்பதுதான் தாவூதைச் சுட்டது. புதுச்சேரியில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட் ஓசூர் போய்ச் சேரும்போது உப்பிக்கொண்டு நிற்பதை வாராவாரம் பார்த்தவர் அவர். ஓசூரில் மூடிய காலித் தண்ணீர் பாட்டில், கடற்கரைக்கு வந்தால் யாரோ கையால் பிசைந்த மாதிரி ஒடுங்கிக் கிடக்கும். பிள்ளைகளிடம் அதைக் காட்டி வேடிக்கையும் பண்ணியிருக்கிறார். பாக்கெட்டுக்கு நடப்பது ஆளுக்கும் நடக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் ஓசூர் ரயில் நிலையத்துக்குப் போனார். பிளாட்பாரத்தின் கோடியில் இருக்கும் மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். தொள்ளாயிரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது எண். கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது என்பதால் பலகையும் கிடையாது, மகள் நிகத் போனில் பார்த்துச் சொன்னாள். ஐந்நூறு மீட்டருக்குள்தான். மறுபடி சுவேதாவுக்குப் போன் போட்டார். "கிருஷ்ணகிரி வரைக்கும் வரலாம் பாய். ஒரு தடவை இறங்கினவங்க பன்னெண்டு மணி நேரம், அதுக்கு மேல இறங்கினவங்க பதினெட்டு மணி நேரம் கழிச்சு ஓசூருக்கு ஏறட்டும். விமானத்துக்கு முழுசா ஒரு நாளே விட்டுடுங்க, நல்லது" என்றாள் அவள்.

அன்றிலிருந்து தாவூத் வண்டிக்கு அதுதான் சட்டம். கடைசி ஆள் தண்ணீரை விட்டு ஏறும் நேரத்தைச் சாக்பீஸால் கண்ணாடி ஓரத்தில் எழுதுவார். அதிலிருந்து பதினெட்டு மணி எண்ணி முடியும்வரை வண்டி கிருஷ்ணகிரியைத் தாண்டாது. வண்டியில் வந்தவர்களுக்குப் பழையபேட்டையில் அவர் வீட்டு மாடியில் பாய் விரித்திருக்கும், ஃபரீதா கையால் சாப்பாடும் உண்டு.

சும்மா சொல்லக் கூடாது, ஊர் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வீட்டு மாடியில் வாடகை பார்க்கிறார் என்றார்கள். மச்சினனுக்கு அடிபட்டதில் பாய்க்கு மண்டை குழம்பிவிட்டது என்றார்கள். திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு ஆள் வேண்டும் என்கிற கம்பெனிகள் வேறு வண்டிக்குப் போயின. அந்த வண்டிகளில் போன யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதுதான் இன்னும் மோசம். பத்துத் தடவை தப்பித்தவன் பதினொன்றாம் தடவையும் தப்பிப்பேன் என்றுதான் சொல்வான். தாவூத் வாதாடவில்லை. வருகிறவர்கள் வரட்டும் என்று இருந்துவிட்டார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அஜாஸ் வேலை பார்க்கும் அதே ஆலையிலிருந்து பதினோரு பேர் புதுச்சேரிக்குக் கிளம்பினார்கள். கூட்டிக்கொண்டு வந்தவர் உற்பத்தி மேலாளர் மாதேஸ்வரன். கறார் பேர்வழி, ஆனால் ஆட்களைக் கைவிடாதவர். பயணம் முழுக்க ஒரு பெண்ணுக்காக. சௌமியா, ஜவளகிரிக்காரி, காட்டோரத்தில் ராகி போட்டுப் பிழைக்கும் குடும்பம். டிப்ளமோ முடித்து அப்ரண்டிசாகச் சேர்ந்து, ஒன்பது வருஷத்தில் புது மெஷின் லைனுக்கே பொறுப்பாக வந்தவள். திங்கட்கிழமை இரவு பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள், மூன்று மாதப் பயிற்சி. அந்த ஆலையின் ஷாப் ஃப்ளோரிலிருந்து வெளிநாடு போகும் முதல் பெண். போவதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று கேட்டதற்குக் கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

மாதேஸ்வரன் விமானத்துக்கு மணிக்கணக்கு சரியாகப் பார்த்திருந்தார். ஞாயிறு மதியத்துக்குள் கடலை விட்டு ஏறிவிடுவாள், திங்கள் இரவுதான் விமானம், முப்பது மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று சுவேதாவிடமே கேட்டு உறுதி செய்துகொண்டார். விமானத்துக்குப் பார்த்த கணக்கை ஊருக்குப் பார்க்கவில்லை. ராத்திரி கிருஷ்ணகிரியில் தங்கித்தான் போவோம் என்று தாவூத் போனில் சொன்னபோது, "ஆவட்டும் பாய், பாத்துக்கலாம்" என்றார். "பாத்துக்கலாம்" என்றால் மாட்டோம் என்று அர்த்தம், அது தாவூதுக்கும் தெரியும்.

ஞாயிறு காலை பதினோரு பேரும் இரண்டு முறை இறங்கினார்கள். கடைசியாகத் தண்ணீரை விட்டு ஏறியவள் சௌமியா. பதினொன்று நாற்பது. கண்ணெல்லாம் சிவந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள். தாவூத் கண்ணாடியில் மணியை எழுதினார்.

திண்டிவனம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை என்று வண்டி ஓடியது. பாட்டும் கும்மாளமுமாக வந்தவர்கள், கிருஷ்ணகிரியில் வண்டி ஓசூர் ரோட்டைப் பிடிக்காமல் ஊருக்குள் திரும்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாலை ஐந்தரை மணி இருக்கும்.

"பாய், எங்க போறீங்க?" என்றார் மாதேஸ்வரன்.

"நம்ம வூட்டுக்குத்தான் சார். சொன்னேனே. காலையில அஞ்சு நாப்பதுக்கு எடுக்கறேன், ஏழு மணி ஷிஃப்டுக்குக் கால் மணி முன்னாடியே கேட்ல வுட்டுடறேன்."

"ஒரு மணி நேர வழிக்கு ராத்திரி தங்கணுமா? விளையாடறீங்களா?"

அதற்குள் சௌமியாவே முன்னால் எழுந்து வந்துவிட்டாள். "பாய் அண்ணா, ஊர்ல அம்மா எல்லாரையும் கூப்ட்டிருக்கு. சித்தப்பா, பெரியப்பா, அத்தைங்க எல்லாம் இன்னிக்கு ஏழு மணிக்கு வராங்க. நான் போறதுக்கு முன்ன எல்லாரும் பாக்கணும்னு. காலையில வந்தேன்னா எனக்கு ஆபீஸ்ல பேப்பர் வாங்கணும், பெட்டி கட்டணும், ஏர்போர்ட் போவணும். ஊருக்குப் போக நேரமே இருக்காது. மூணு மாசம் எங்கம்மாவை நான் பாக்க முடியாதுண்ணா."

தாவூத் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் பார்த்தார், காற்று, குமிழி, ஓசூரின் உயரம் எல்லாம் சொன்னார். பின்சீட்டில் ஒருவன், "அப்போ ஓசூர்ல பொறந்தவனெல்லாம் ஏரோபிளேன்ல பொறந்தவனா பாய்?" என்றான். வண்டியே சிரித்தது. இதே மாதிரிச் சிரிப்பை நாலு வருஷத்துக்கு முன்னால் சூளகிரியில் கேட்டவர் அவர். அப்போது அவரும் சேர்ந்து சிரித்திருந்தார்.

கீழே இறங்கி வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பூட்டும் சங்கிலியும் சிவப்பு அட்டையும் இருந்தன. ஸ்டீயரிங்கில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அட்டையைத் தொங்கவிட்டார். "ஆபத்து. இயக்காதே. ஆள் உள்ளே வேலையில் இருக்கிறார். பூட்டியவர்: ஷேக் தாவூத். திறக்கும் நேரம்: காலை 5.40."

சிரிப்பு நின்றுவிட்டது.

வெளியாட்களுக்கு இது புரியாது. அது ஓர் அட்டை, நாலணா பெறாது. ஆனால் அந்த வண்டியில் இருந்த பதினோரு பேரும் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அந்தச் சிவப்பைப் பார்த்தால் கையை எடுத்துப் பழகியவர்கள். பசியாக இருந்தாலும், மேலாளர் கத்தினாலும், லைனே நின்று கிடந்தாலும் அடுத்தவன் பூட்டைத் தொடாதே என்பது அவர்களுக்குச் சாமி கும்பிடுவதற்குச் சமம். அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே மாதேஸ்வரன்தான். வருஷா வருஷம் பாதுகாப்பு நாளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரே பேசுவார்.

மாதேஸ்வரன் அட்டையைப் படித்தார். "இது மெஷின் இல்ல பாய். உள்ள எந்த ஆள் வேலை செய்யறான்?"

"உங்க ஒடம்புக்குள்ள நடக்குது சார் வேலை. பதினோரு பேர் ஒடம்புக்குள்ளயும் காத்து வெளிய போயிக்கினு இருக்குது. அது முடியாம மெஷினை ஆன் பண்ணக் கூடாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதான், பின்னாடி பெஞ்சுல உக்காந்து நானும் கேட்டேன்."

"நாங்க பஸ் ஏறிப் போயிட்டா?"

"போங்க சார். பஸ் ஸ்டாண்டு பக்கந்தான். பூட்டைத் தாண்டிப் போறோம்னு தெரிஞ்சு போங்க. நாலு வருஷத்துக்கு முன்ன ஒருத்தனை நான் இஞ்சி சோடா குடுத்து அனுப்பி வச்சேன். இன்னொருத்தரை அனுப்பி வைக்க என்னால ஆவாது. நாளையிலேர்ந்து என் வண்டியே வேணான்னாலும் சரி."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து டீத் தட்டுடன் வந்தான் அஜாஸ். ஞாயிற்றுக்கிழமையென்றால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். மாதேஸ்வரனுக்கு அவனைத் தெரியும், அவர் லைனில்தான் இருக்கிறான். நரம்புக் கோளாறு என்று மெடிக்கல் லீவு போட்டவன் என்றுதான் அவர் கேள்விப்பட்டிருந்தார். தாவூத் சொன்ன ஒருத்தன் யாரென்று இப்போது புரிந்தது. பாதம் தரையில் தேய, ஒவ்வொருவராக டீ கொடுத்துக்கொண்டு அஜாஸ் வண்டியைச் சுற்றி வந்தான். சௌமியாவிடம் வந்தபோது மட்டும் மெதுவாகச் சொன்னான். "அன்னிக்கு நானும் ஒரு மணி நேரந்தானேன்னு சொன்னேன்க்கா."

சௌமியா அட்டையைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள். டீயை வாங்கிக்கொண்டு வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

அவள் அம்மா வெங்கடம்மாள் போனை எடுத்ததும், விஷயத்தைப் பாதிதான் சொல்ல முடிந்தது, அதற்குள் அழுகை வந்துவிட்டது. ஸ்பீக்கரில் வெங்கடம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது. "அழுவாத. போனை அந்தப் பாய்கிட்டக் குடு."

தாவூத் பயந்துகொண்டேதான் வாங்கினார். "அம்மா, வணக்கம்மா. பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. மேல ஏறுனா ஆபத்து, அதான்..."

"அவ மேல வரக் கூடாதா?"

"விடியற வரைக்கும் கூடாதும்மா."

"நாங்க கீழ வரலாமா?"

இத்தனை வருஷத்தில் தாவூதிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் எப்போது ஏறலாம் என்றுதான் கேட்பார்கள். "தாராளமா வரலாம்மா," என்றார். "நீங்க யாரும் கடல்ல இறங்கலையே."

"அப்ப வீட்டு அடையாளம் சொல்லுங்க" என்றாள் வெங்கடம்மாள்.

எட்டு மணிக்கு முன்னாலேயே இரண்டு பிக்கப் வண்டிகள் பழையபேட்டைத் தெருவுக்குள் திரும்பின. தளி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை என்று மலை இறங்கி, இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து ஒரே சத்தம். ஏழு மணி விருந்துக்குச் சமைத்ததை யாரும் வீணாக்கவில்லை, களியும் கோழிக் குழம்பும் பாத்திரத்தோடு வந்து இறங்கின. ஃபரீதா பதினோரு பேருக்கு வைத்திருந்த பிரியாணி அதோடு சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கோபமாக உட்கார்ந்திருந்த மாதேஸ்வரனின் மடியில் யாரோ ஒரு குழந்தையை வைத்துவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு அவரால் கோபமாக உட்கார முடியவில்லை.

வெங்கடம்மாள் மகளை எதிரே உட்கார வைத்து, தலையில் பூ வைத்து, திருஷ்டி கழித்தாள். பிறகு நேராகத் தாவூதிடம் வந்தாள். "எங்க ஊர்ல நிறையப் பேர் எம்பொண்ணை முன்னால போவாதேன்னு நிறுத்திப் பாத்திருக்காங்க. படிக்காதே, ஓசூருக்குப் போவாதே, மெஷின் வேலை வேண்டாம்னு. நல்லா போய்ச் சேரணும்னு நிறுத்துனவரு நீங்க ஒருத்தர்தான்" என்றாள். தாவூத் தலையைக் குனிந்துகொண்டார்.

காலை ஐந்து முப்பதுக்குப் பதினோரு பேரும் வண்டியில் இருந்தார்கள். முன் சீட்டில் மாதேஸ்வரன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து முப்பத்தெட்டுக்குத் தாவூத் சாவியை எடுத்தபோது, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு பாய்" என்று சொன்னவரும் அவர்தான். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை தாவூதும் சிரித்தார். ஐந்து நாற்பதுக்குப் பூட்டைத் திறந்தார்.

சூளகிரி ஏற்றத்தில் அவருக்கு வியர்த்தது. கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஒருவன் தோளைத் தேய்த்ததும் உற்றுப் பார்த்தார், அவன் தூக்கக் கலக்கத்தில் சொறிந்துகொண்டிருந்தான். யாருக்கும் ஒன்றுமில்லை. ஆறு நாற்பத்தி மூன்றுக்கு ஆலை வாசல். பதினோரு பேரும் இறங்கி, துள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பஞ்ச் அடித்தார்கள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த இருபத்திரண்டு கால்களும் நடப்பதைத் தாவூத் கடைசிவரை பார்த்தார். நன்றாக, ஆசை தீரப் பார்த்தார்.

அன்றே மதியம் மாதேஸ்வரன் ஓர் உத்தரவு போட்டார். கம்பெனிச் சுற்றுலாவில் கடலுக்குள் இறங்கினால் அன்று இரவு கிருஷ்ணகிரியிலோ அதற்குக் கீழேயோதான் தங்க வேண்டும், திங்கள் காலை ஷிஃப்டுக்கு அவர்களுக்கு லேட் கிடையாது. கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, சாட்சி என்று எழுதி அஜாசிடம் நீட்டினார். அப்படி ஒரு வழக்கமே அந்த ஆலையில் இல்லை. அஜாஸ் கையெழுத்துப் போட்டான். அக்கா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது ஃபரீதா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். நாலு வருஷத்தில் அவள் அழுதது அன்றுதான்.

அடுத்த வாரத்துக்குள் இன்னும் மூன்று ஆலைகளிலிருந்து தாவூதுக்குப் போன் வந்தது. கேலி பேசிய வேன்காரர்களில் இருவர், தங்கள் ஆட்களை ராத்திரி தங்கவைக்கப் பழையபேட்டையில் வீடு பிடித்துத் தரச் சொல்லிக் கேட்டார்கள். தன் மாடியையே கொடுத்தார்.

ஆனால் இதெல்லாம் பிறகு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாவூத் குந்தாரப்பள்ளி பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். போனில் சௌமியாவின் குரல் செய்தி வந்து விழுந்தது. பின்னால் புரியாத பாஷையில் அறிவிப்புச் சத்தம், பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம்.

"பாய் அண்ணா, இறங்கிட்டேன். இங்க ஏர்போர்ட் ரொம்பப் பெரிசு. வெளிய வர்றதுக்கே அரை மணி நேரமா நடந்துக்கினே இருக்கேன், இன்னும் வாசல் வரலை. கால் வலிக்குதுண்ணா. பயப்படாதீங்க, நடந்து நடந்து வலிக்குது."

தாவூத் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். டீக்கடைக்காரர் என்ன பாய், எதாவது கெட்ட சேதியா என்று கேட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லை, நம்ம பொண்ணு ஒண்ணு ஜெர்மனியில நடந்துக்கினு இருக்குது என்றார்.